ஓதம் ஏறும் தரை: பழைய வீட்டில் மண் ஈரத்தை மறிப்பது எப்படி?

ஐப்பசியில் ஒருநாள் எங்கள் வீட்டு ஆசாரத்து (கூடத்து) மூலையில் கிடந்த ராகி மூட்டையைத் தூக்கினேன். மூட்டை மேலே வந்தது. அடிச்சாக்கு தரையோடு நின்றுவிட்டது. கொட்டிய ராகியில் பாதி முளைவிட்டிருந்தது, மீதியில் பூசணம். கூரையில் ஓர் ஓடுகூட ஒழுகவில்லை. தண்ணீர் கீழேயிருந்து வந்திருக்கிறது.

இதைத்தான் ஓதம் என்கிறோம். மண்ணில் இருக்கும் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல்லிலும் சாந்திலும் இருக்கும் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. ஏறிய ஈரம் காற்றில் உலரும்போது, அதில் கரைந்து வந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. அந்த உப்புதான் பூச்சைப் பொரியவைத்து உதிர்க்கிறது.

அமெரிக்காவில் பல வீடுகளைத் தரையில் ஒட்டாமல், ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு அடியில் இடம்விட்டுக் கட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் வெறும் மண்மேல் கனமான பிளாஸ்டிக் தாளை விரித்து ஈரத்தை மறிக்கிறார்கள். நம் ஊரில் வீட்டுக்கு அப்படி இடைவெளி விடுவதில்லை. ஆனால் மாட்டுக்கான சோளத்தட்டுப் போரைக் கற்களை அடுக்கி அதன்மேல்தான் போடுகிறோம், ஓதமும் கரையானும் ஏறக்கூடாது என்று. மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்த அக்கறையை நம் படுக்கைக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ்ப்புறப் பள்ளத்தில், அப்பாரு (தாத்தா) காலத்தில் செங்கல்லும் மண்சாந்துமாகக் கட்டியது. வழக்கமாக ஆகஸ்ட் 15 அன்று பவானிசாகர் அணையிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவார்கள். சில வாரங்களில் கிணற்றில் மட்டம் ஏறும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டுக் கசிவை நிறுத்தலாமா கூடாதா என்று இந்தப் பக்கம் நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். கிணற்றை நிரப்புகிற அதே கசிவுதான் எங்கள் ஆசாரத்துக்கும் வருகிறது. அதனால் வாய்க்காலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்பதும் இதிலேயே இருக்கிறது. சோதனையை ஈரம் உச்சத்தில் இருக்கும் ஐப்பசியில் செய்யுங்கள். உடைக்கிற, தோண்டுகிற வேலையை வாய்க்கால் நின்று மண் காய்ந்திருக்கும் வைகாசி, ஆனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

இதைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். நான் போனேன். சுவர் பொரிகிறது என்று சொன்னதும் கடைக்காரர் ஒரு டப்பா கொடுத்தார். அடித்தேன். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பித் தோலாக உரிந்தது. அதற்கடுத்து ஒருவர் யோசனையைக் கேட்டு மூன்றடி உயரத்துக்குச் சுவரில் டைல்ஸ் ஒட்டினேன். ஈரம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, அதற்கு மேலே வெளிப்பட்டது. முழங்கால் உயரத்தில் இருந்த ஓதத்தை நானே செலவு செய்து மார்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டேன்.

சோதனை எளிது. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு தாளின் அடிப்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால், அல்லது தாளுக்கு அடியில் தரை கறுத்திருந்தால், ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

சுவருக்கு வேறு அடையாளம் உண்டு. ஓதம் தரையிலிருந்து தொடங்கும், பெரும்பாலும் மூன்றடிக்குள் நிற்கும், உச்சியில் வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருக்கும். சுவரின் நடுவில் தனியாக ஒரு திட்டு இருந்தால் அது ஓதமல்ல. உள்ளே ஓடும் குழாயையும் சுவருக்கு மறுபக்கம் இருக்கும் குளியலறையையும் பாருங்கள். குழாய் சந்தேகம் இருந்தால், இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கூப்பிட வேண்டியது கொத்தனாரை அல்ல, பிளம்பரை.

இரண்டாவது: வெளியே நிற்கும் தண்ணீரை அனுப்புங்கள்

பாதிக்கு மேற்பட்ட வேலை இங்கேதான். செலவு குறைவு, உடம்பு நோகும். அதனாலேயே பலரும் இதைத் தாண்டி நேராகப் பூச்சுக்குப் போகிறார்கள்.

வீட்டைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். வெளிமண் உள்தரையைவிட உயரமாக இருக்கிறதா? பழைய வீடுகள் பலவற்றில் இருக்கும். கட்டியபோது இரண்டடி உயரத்தில் நின்ற திண்ணைக்கு இன்று ஒரு படிகூட வேண்டியதில்லை. வீடு இறங்கவில்லை, தெரு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதன்மேலேயே போட்டார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான். தெருப்பக்கம் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற மூன்று பக்கமும் நம் கையில் இருக்கிறது.

சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி எடுங்கள். வெளிமண் உள்தரையைவிட அரையடியாவது கீழே இருக்க வேண்டும். முடிந்தால் ஒன்றரை அடி. இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மண்சாந்து வீடுகளுக்குக் கடைக்கால் (அஸ்திவாரம்) ஆழம் அதிகம் இருக்காது. கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே எக்காரணம் கொண்டும் தோண்டாதீர்கள். ஒரே நாளில் ஒரு பக்கம் முழுவதையும் திறந்து போடாமல், நான்கடி நான்கடியாக வேலை செய்து முன்னேறுங்கள்.

மண்ணை எடுத்த பிறகு வாட்டம். சுவரிலிருந்து வெளியே மூன்றடி தூரத்துக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு வேண்டும். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் பொய் சொல்லாது. சரிவு கொடுத்த பிறகு சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போடலாமா என்று கேட்பார்கள். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் கரிசல் மண்ணாக இருந்தால் போடத்தான் வேண்டும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் மண் அது, கடைக்காலையே ஆட்டிவிடும். காங்கயம் பக்கம்போலச் செம்மண்ணும் சரளையுமாக இருந்தால் என் விருப்பம் வேறு: சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கழுவிய ஜல்லி மட்டும் போட்டுவிட்டு, அதற்கு வெளியே தளம் போடுங்கள். ஜல்லி வழியாகச் சுவரடி மூச்சுவிடும்.

அடுத்து, தண்ணீர் விழும் இடங்கள். ஓட்டுத் தாவாரத்திலிருந்து விழும் மழைநீர் சுவரடியில் குழி பறித்திருந்தால், தாவாரத்துக்குத் தகரத் தூம்பு வைத்துத் தொலைவில் இறக்குங்கள். துவைக்கல், பாத்திரம் கழுவும் இடம், கால் கழுவும் தொட்டி, சுவரோரம் வைத்த வாழை, எல்லாமே நாள் தவறாமல் ஓதத்துக்குத் தீனி போடுகின்றன. எங்கள் வீட்டில் வாழையை வெட்டுவதற்குள் அம்மாவோடு ஒரு வாரம் பேச வேண்டியிருந்தது. அடுத்த வாழையைக் கிணற்றடியில் வைத்துக் கொடுத்த பிறகுதான் சமாதானம்.

மேட்டுப்பக்கத்திலிருந்து மண்ணுக்குள்ளேயே நீர் கசிந்து வருகிற எங்களைப் போன்ற வீடுகளுக்கு வாட்டம் மட்டும் போதாது. மேட்டுப் பக்கம், சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, ஓரடி அகலத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு கால்வாய் வெட்டுங்கள். அதற்குள் ஜியோ டெக்ஸ்டைல் என்று விற்கும் வடிகட்டித் துணியை விரித்து, இரண்டங்குலம் ஜல்லி போட்டு, துளையிட்ட நான்கங்குலக் குழாயைத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு. மேலே ஜல்லியை நிரப்பித் துணியை மடித்து மூடி, மண் போடுங்கள். துணி இல்லாமல் போட்டால் சில வருடங்களில் சேறு அடைத்துக் குழாய் செத்துவிடும். குழாயின் மறுமுனையைத் தென்னை மரத்துக்குத் திருப்பிவிட்டேன்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து பாருங்கள். சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது: தரை

அதோடு வேலை முடியாதவர்கள் தரையை உடைக்க வேண்டும். வெளித்தண்ணீரை மறிக்காமல் இதைச் செய்யாதீர்கள். தரையை மட்டும் அடைத்தால், அடியில் இருக்கும் ஈரம் ஓரத்துக்கு ஒதுங்கிச் சுவரில் ஏறும்.

பழைய தரையை எடுத்துவிட்டு, புதிய தரை மட்டத்திலிருந்து சுமார் பத்து அங்குலம் ஆழத்துக்கு மண்ணை வெட்டுங்கள். இங்கும் கடைக்கால் எச்சரிக்கை பொருந்தும். அடிமண்ணை நன்றாகத் திம்ஸுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். கரையான் புற்று கண்ணில் பட்டால் அதற்கான மருந்தை ஆள்வைத்து இப்போதே அடித்துவிடுங்கள்.

அதன்மேல் நான்கங்குலக் கனத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி. தூள் கலக்காத, சுத்தமான ஜல்லியாக இருக்க வேண்டும். பெரிய இடைவெளிகளில் நீரால் ஏற முடியாது. கிரஷர் தூள் கலந்தால் அதுவே திரியாக மாறிவிடும். கொத்தனார் வழக்கம்போல் தூளைக் கொட்ட வருவார். அன்றைக்கு மட்டும் அங்கேயே நில்லுங்கள்.

ஜல்லிமேல் ஓரங்குலம் மணல், கூர்முனைகள் தாளைக் கிழிக்காமல் இருக்க. அதன்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் தாள். கடையில் 1000 கேஜ் என்று கேளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பதினொன்றுக்குப் பதின்மூன்று அடியாவது வேண்டும், நான்கு பக்கமும் சுவரோரம் அரையடி மேலேற்ற. இரண்டு தாள்கள் சேரும் இடத்தில் ஓரடி ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும், டேப் ஒட்டுங்கள். தாளின்மேல் செருப்போடும் கடப்பாரையோடும் யாரையும் நடக்கவிடாதீர்கள். ஊசித்துளை விழுந்தாலும் அங்கே ஒட்டுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

மேலே நான்கங்குலம் கான்கிரீட், 1:3:6 (சிமெண்ட், மணல், ஜல்லி), முக்கால் அங்குல ஜல்லி. ஒரு வாரம் நீராற்றுங்கள். பிறகு காயவிடுங்கள். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. ஆக நான்கு மாதம். அவசரப்பட்டு மறுவாரமே டைல்ஸ் ஒட்டினால், கான்கிரீட்டின் சொந்த ஈரத்தை ஓதம் என்று நினைத்துப் பயந்துகொண்டிருப்பீர்கள். ஓரத்தில் மேலேற்றிய தாளைத் தரை மட்டத்தோடு கத்தியால் நறுக்கிவிடலாம்.

நான்காவது: சுவர்

உப்புக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பழைய சிமெண்ட் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிடுங்கள். அதற்கு முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரச் சுவருக்குள் பழைய ஒயர் ஓடும் வீட்டில் உளி பிடிப்பது விளையாட்டல்ல. உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி, விழுந்ததைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போய்விடும்.

செங்கல்லைத் திறந்தே விடுங்கள். ஒன்பதங்குலச் சுவர் முழுதாய்க் காய ஒன்பது மாதம்கூட ஆகும். வருகிறவர்கள் எல்லாம் வீடு ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

மண்ணிலிருந்து ஏறுவது அப்போதும் நிற்காவிட்டால், சுவருக்குள் ஈரத்தடுப்பு மருந்து ஏற்றலாம். வெளிமண்ணுக்கு அரையடி மேலே, சாந்து வரிசையில், நான்கங்குலத்துக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, சிலேன் கலந்த பசையைச் செலுத்துவார்கள். அது சுவரின் நுண்துளைகளுக்குள் பரவித் தண்ணீர் ஒட்டாத ஒரு பட்டையாக நிற்கும். நல்ல செங்கல்லும் சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் சாந்தும் உள்ள சுவரில் பலன் உண்டு. மண்சாந்துச் சுவரில் மருந்து ஒரே சீராகப் பரவாது என்பதால் நான் செய்யவில்லை.

காய்ந்த சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் என் தேர்வு. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை நல்லது. நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு குழந்தைகளை விரட்டிவிடுங்கள். இந்தக் காரை மிச்ச ஈரத்தை வெளியே விடும். மேலே புட்டியும் எமல்ஷனும் பூசி அந்த வழியை அடைக்காமல், பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு

இத்தனை பாடும் உங்களுக்கு வேண்டாம். பேஸ்மட்டத்தை (கடைக்காலுக்கு மேல் தரை வரை எழுப்பும் மேடையை) சுற்றுமண்ணிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தெரு பின்னால் ஏறும் என்று எண்ணி மூன்றடி வையுங்கள். பேஸ்மட்டத்தின்மேல், சுவர் எழும்பும் முன், ஈரத்தடுப்புக் கலவை சேர்த்த ஒன்றரை அங்குலக் கான்கிரீட் பட்டையைச் சுவரின் முழு அகலத்துக்கும், எங்கும் விட்டுப்போகாமல் போடச் சொல்லுங்கள். கதவு நிலை வரும் இடத்தில்தான் விட்டுவிடுவார்கள்.

எங்கள் ஆசாரத்தில் வேலை முடிந்து, அடுத்த ஐப்பசியில் மறுபடி தாள் ஒட்டிப் பார்த்தேன். எட்டு இடத்தில் ஒட்டியதில் ஏழு இடம் உலர்ந்திருந்தன. மேற்கு மூலையில் மட்டும் கையகலத்துக்கு ஈரம். அந்த மூலைக்கு வெளியே இருப்பது பங்காளி வீட்டுத் துவைக்கல். அதைப் பற்றிப் பேச இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.