பல் கட்டுவதற்கு முன்: பர்மாத் தமிழர்கள் அடிக்கடி செய்யும் தவறுகள்

ரங்கூனிலும் தான்லியின், பகோ பக்கங்களிலும் பல் கட்டப் போகும் நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். எவ்வளவு ஆகும்? எத்தனை நாளில் முடியும்? இன்றைய விலைவாசியில் இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் "இன்றைக்கே முடித்துவிடலாம்" என்று சொல்பவரிடம் வாயைத் திறந்து காட்டுவதில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன. அதுவும் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முன்பல்லைச் சரிசெய்யக் கிளம்பினால், பொறுமையாகச் செய்யும் மருத்துவரைவிட அவசரமாகச் செய்பவரே நமக்குப் பிடித்துப்போகிறார்.

ஒரே நாளில் வைக்கிற அந்த 'கழற்ற வேண்டாத' பல் எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். பதிவில்லாமல் தொழில் செய்பவர்கள் பலர் அக்ரிலிக் பொடியையும் திரவத்தையும் அங்கேயே குழைத்து, பல் இல்லாத இடத்தில் அப்பி, பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிடுகிறார்கள். சிலர் கம்பியும் சுற்றுவார்கள். அந்தக் கலவை இறுகும்போது சூடாகும், அதிலுள்ள திரவம் ஈறைப் புண்ணாக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கேடு அடியில் இருக்கிறது. அங்கே பிரஷ் போகாது, நூல் போகாது. மொகிங்காவும் பேஜோவும் சாப்பிட்ட மிச்சம் அடியில் தங்கி அழுகும். முதலில் நாற்றம் வரும், பிறகு ஈறு இறங்கும், பிறகு பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பற்களே ஆடத் தொடங்கும். ஒரு பல் போன இடத்தில் மூன்று பல் போகும். கையில் காசு குறைவென்றால், கழற்றி மாட்டும் அக்ரிலிக் பல் செட்டு எவ்வளவோ மேல். பார்க்க எளிமையாக இருந்தாலும் தினமும் கழற்றிக் கழுவலாம், பக்கத்துப் பற்களும் பிழைக்கும்.

சுத்தமும் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். 2015இல் மியான்மரில் நடந்த தேசிய ஆய்வில் ஹெபடைடிஸ் பி 6.5 சதவீதம் பேரிடமும், ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளம் 2.7 சதவீதம் பேரிடமும் தெரிந்தது. இரண்டும் ரத்தத்தால் பரவும் நோய்கள். கருவிகளை ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தால் போதாது, சுடுதண்ணீரில் அலசினாலும் போதாது. ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில், 121 டிகிரியில் கால் மணி நேரமாவது, அல்லது 134 டிகிரியில் சில நிமிடங்கள் இருக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ரங்கூன் பல் மருத்துவப் பல்கலைக்கழகம் 1964இலும் மாண்டலேயில் உள்ளது 1998இலும் தொடங்கியவை. அங்கே படித்துப் பட்டம் வாங்கி, பதிவும் பெற்ற மருத்துவரா என்று விசாரித்துக்கொள்வது நம் உரிமை.

அடுத்தது குன்யா. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்ந்த அந்தப் பொட்டலம் நம் வீடுகளிலும் பழக்கமாகிவிட்டது. பல் சிவந்து கறுத்துப் போனதும், "கேப் போட்டு வெள்ளையாக்கிவிடுங்கள்" என்று வருகிறார்கள். கேப் என்பது ராவிய பல்லின்மேல் மாட்டும் உறை. இது பெரிய தவறு. வெற்றிலைக் கறை பெரும்பாலும் பல்லின் மேல்தான் படிந்திருக்கும். கல்லும் கறையும் எடுத்து மெருகு போட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதைச் செய்து பார்க்காமல் கேப்புக்காக நல்ல பல்லைச் சுற்றிலும் ராவினால், ராவிய எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலடுக்கு, திரும்ப வளராது. மெல்லிய ஓடு போல முன்பல்லில் ஒட்டும் வெனீருக்குக்கூட 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எனாமலை எடுக்க வேண்டியிருக்கும். கறையைப் போக்க எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பதும் அடுப்புக்கரியைத் தேய்ப்பதும் தவறுதான். ஒன்று எனாமலை அரிக்கும், மற்றது சுரண்டும்.

ஈறில் கல் படிந்து ரத்தம் வந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் கேப்போ, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜோ வைப்பது அஸ்திவாரம் இளகிய இடத்தில் மாடி எழுப்புவதுதான். முதலில் ஈறு ஆற வேண்டும். சில வாரம் ஆகும், ஆகட்டும்.

பாக்கு செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. வருடக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உள்சதை நார் போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நிறுத்திப் பாருங்கள். நுழையவில்லையென்றால் பல் கட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் காட்டுங்கள். அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாத வாயில் எந்தப் பல்லைக் கட்ட முடியும்? புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை" என்ற சமாதானம் இனி செல்லாது.

வலி நின்றால் பல் குணமாகிவிட்டது என்று நம்புவது அடுத்த தவறு. இரவெல்லாம் தூங்கவிடாமல் வலித்த பல் திடீரென்று அடங்கினால், பெரும்பாலும் உள்ளே இருந்த நரம்பு செத்துப்போயிருக்கும். சீழ் மெதுவாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். வேர் சிகிச்சையை (ரூட் கெனால்) நடுவில் விடுவதும் இப்படித்தான். கிராம்பு வாசனையோடு வைத்து அனுப்பும் அந்த அடைப்பு தற்காலிகமானது. சில வாரங்களில் கசிந்து, கிருமி மறுபடி உள்ளே போகும். சிகிச்சை முழுதாக முடிந்த பிறகும் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடாமல் விட்டால், ஒரு நாள் பாக்கைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும். பிளவு வேர் வரை போனால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சிகிச்சைக்குச் செலவழித்த பணமும் வீண். தொடங்கும்போதே கேப்பின் செலவையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டுவிடலாமா? ஞானப்பல் என்றால் தாராளமாக விடலாம். கடைசிக் கடைவாய்ப் பல்லும் சிலருக்கு அவசியமில்லை. மற்ற இடங்களில் வருடக்கணக்கில் விட்டால், பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பக்கப் பல் வெற்றிடத்தை நோக்கி இறங்கும். பிடுங்கிய ஓராண்டுக்குள் அங்கே எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதி வரை சுருங்கலாம். பிறகு இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், வைக்க ஆசைப்பட்டாலும் போதுமான எலும்பு இல்லாமல் போகலாம்.

இம்பிளான்ட் நல்ல சிகிச்சை. சுவீடனில் 1965இல் பிரோனெமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு வைத்ததிலிருந்து நீண்ட காலம் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆனால் டைட்டானியம் வேர் எலும்போடு பிடிக்க வழக்கமாக 3 முதல் 6 மாதம் வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் சுருட்டை நிறுத்தாதவருக்கும் அது பிடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல். சென்னைக்கோ பாங்காக்குக்கோ போய் வைத்துக்கொள்பவர்கள், இம்பிளான்டின் கம்பெனிப் பெயர், அளவு, எக்ஸ்ரே நகல் மூன்றையும் வாங்காமல் திரும்பாதீர்கள். திருகு தளர்ந்தால் இங்குள்ள மருத்துவர் அந்தக் கம்பெனியின் கருவி இல்லாமல் கைவைக்க முடியாது.

வீட்டுப் பெரியவர்களின் பல் செட்டு விஷயமும் உண்டு. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். டூத்பேஸ்டும் வேண்டாம், கீறல் விழும். சாதாரண சோப்பே போதும். உடைந்ததைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டுவதும், குத்தும் இடத்தைக் கத்தியால் சீவுவதும் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அப்படிச் செய்த செட்டு சரியாக உட்காராது, ஓயாமல் உராயும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை, வலி இல்லாவிட்டாலும், காட்டியே ஆக வேண்டும். காட்டப் போகிற அன்று மட்டும், கொஞ்சம் வலித்தாலும், செட்டைப் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அழுத்துகிறது என்று மருத்துவருக்கு அப்போதுதான் தெரியும்.