பிரிண்டர் வேடத்தில் நுழையும் லேப்டாப்: நெட்வொர்க் அனுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஏப்ரலில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம், தன் நெட்வொர்க்கிலிருந்து ஏறக்குறைய 500 எம்பி தகவல் திருடுபோயிருப்பதைக் கண்டுபிடித்தது. திருடன் நுழைய வழிவிட்டது, அனுமதி இல்லாமல் இணைக்கப்பட்டிருந்த ஒரு ராஸ்பெர்ரி பை. உள்ளங்கைக்குள் அடங்கும் கணினி. அடுத்த ஆண்டு வந்த தணிக்கை அறிக்கையில் எனக்கு மறக்காத இடம் இன்னொன்று. புதுக் கருவிகளைப் பதிவேட்டில் ஏற்றும் வசதி சில சமயம் வேலை செய்யாது, பிறகு ஏற்ற மறந்துபோகிறது என்று ஒரு சிஸ்டம் அட்மின் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தத் துறையில் இருப்பவர் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

நெட்வொர்க் அக்சஸ் கன்ட்ரோல் (எந்தக் கருவியை உள்ளே விடலாம் என்று முடிவுசெய்யும் ஏற்பாடு) வாங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பெட்டி வந்துவிடும், லைசென்ஸ் வந்துவிடும். எந்தெந்தக் கருவி நம்முடையது, அதற்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் மட்டும் பெட்டிக்குள் வராது.

பட்டியல் இல்லாதபோது எல்லோரும் பிடித்துக்கொள்ளும் கொம்பு மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கருவிக்குத் தொழிற்சாலையில் கொடுக்கும் அடையாள எண். 802.1எக்ஸ் (உள்ளே விடும் முன் கருவியிடம் அடையாளம் கேட்கும் முறை) பேசத் தெரியாத பிரிண்டர், கேமரா, கதவோரக் கார்டு ரீடர் போன்றவற்றை மேக் முகவரியைப் பார்த்து உள்ளே விடும் குறுக்குவழி சுவிட்சுகளில் உண்டு. எம்ஏபி என்பார்கள். ஆனால் அந்த 12 இலக்க எண் ரகசியமே இல்லை. பிரிண்டரின் பின்னால் ஸ்டிக்கரில் இருக்கும். அமைப்புப் பக்கத்தை அச்சிட்டால் தாளிலேயே வரும். அதைக் குறித்துக்கொண்டு, லேப்டாப்பின் மேக் முகவரியை அதற்கு மாற்றி, பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் போதும். சுவிட்சுக்கு வந்தது பிரிண்டர்தான். ஐந்து நிமிட வேலை.

ஆகவே எம்ஏபி வழியாக வரும் கருவியை அலுவலக நெட்வொர்க்கில் அப்படியே விடாதீர்கள். தனி விலானில் (நெட்வொர்க்கைப் பிரித்து வைத்த ஒரு பகுதி) போட்டு, பிரிண்டர் என்றால் பிரிண்ட் சர்வரோடு மட்டும் பேசட்டும் என்று கட்டிப்போடுங்கள். நேற்றுவரை பிரிண்டராக இருந்தது இன்று விண்டோஸ் கணினி போல டிஎச்சிபி வழியாக நெட்வொர்க் முகவரி கேட்டால் எச்சரிக்கை வர வேண்டும். இன்னொன்று: பல அலுவலகப் பிரிண்டர்களுக்கு 802.1எக்ஸ் தெரியும். மெனுவுக்குள் யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மேக் முகவரியை நம்பினால் இன்னும் இரண்டு இடத்தில் உதை வாங்குவீர்கள். யுஎஸ்பி ஈதர்நெட் டாங்கிளின் முகவரியை ஒருவரின் லேப்டாப் என்று பதிந்திருப்பார்கள்; டாங்கிள் கைமாறினால் அனுமதியும் கைமாறும். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தாமாகவே ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் கொடுத்த எண் இல்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

சரி, மேக் முகவரியை விட்டு, கருவி தன்னை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழுக்கு மாறுகிறோம். அங்கேயும் குழி உண்டு. எல்லா லேப்டாப்புக்கும் நகலெடுக்கும் மூல இமேஜுக்குள்ளேயே ஒரு சான்றிதழை வைத்துவிடுவார்கள். இருநூறு லேப்டாப்புக்கு ஒரே அடையாளம். ஒன்று தொலைந்தால் எதை ரத்து செய்வது? ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்றிதழ், அதன் சாவி வெளியே எடுக்க முடியாதபடி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்புக்குள். இதில் சமரசம் வேண்டாம்.

பாஸ்வேர்டு அடிப்படையிலான பீப் (PEAP) என்ற வைஃபை நுழைவு முறையை இன்னும் ஓட்டுபவர்கள் போன்களில் சர்வர் சான்றிதழைச் 'சரிபார்க்க வேண்டாம்' என்று விட்டுவைப்பது பழைய வியாதி. அதே வைஃபை பெயரில் எவனாவது ஒருவன் கார் பார்க்கிங்கில் போலி அக்சஸ் பாயிண்ட் வைத்தால், போன் கண்ணை மூடிக்கொண்டு அவனிடம் பேசும். பீப்புக்குள் ஓடும் பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறையான எம்எஸ்சாப் வி2-ஐ உடைக்கும் வழி 2012இலேயே பகிரங்கமாகக் காட்டப்பட்டுவிட்டது.

காலாவதி தேதியைப் பற்றி என் சொந்தக் கதை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், யாரை உள்ளே விடலாம் என்று சுவிட்சுகளுக்குச் சொல்லும் ரேடியஸ் சர்வரின் சான்றிதழ் ஞாயிற்றுக்கிழமை இரவு காலாவதியானது. திங்கள் காலை ஒரு லேப்டாப்கூட உள்ளே வரவில்லை. புதுச் சான்றிதழ் போட்டோம். அதைக் கொடுத்ததோ வேறு ரூட் (சான்றிதழ்களுக்கெல்லாம் மூலமான தலைமைச் சான்றிதழ்). அந்த ரூட்டை நம்பச் சொல்லும் பாலிசி லேப்டாப்புக்குப் போக நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க்குக்குப் போக அந்தப் பாலிசி வேண்டும். கேபிளும் கையுமாக மாடி மாடியாக ஏறினோம். அதன்பின் 90 நாள் முன்னதாகவே மூன்று பேருக்கு நினைவூட்டல் போகும்படி வைத்தேன். ஒருவருக்கு மட்டும் போனால், அவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

ஒரே நாளில் எல்லாப் போர்ட்டையும் பூட்டுவதும் வேண்டாம். முதலில் யாரையும் தடுக்காமல், யார் தோற்கிறார்கள் என்று மட்டும் பதிவுசெய்யும் கண்காணிப்பு நிலையில் சில வாரம் ஓட்டுங்கள். கூரைக்குள் ஒளிந்திருக்கும் கேமராவும், யாரோ மேசைக்கடியில் வைத்த எட்டு போர்ட் சுவிட்சும் அப்போதுதான் வெளியே வரும். ரேடியஸ் சர்வரே படுத்துவிட்டால் போர்ட் திறக்க வேண்டுமா, பூட்ட வேண்டுமா என்பதையும் அதற்குள் பேசி முடிவுசெய்யுங்கள். வரவேற்பறைப் போர்ட்டுக்கும் மருத்துவமனையின் ஐசியூ போர்ட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

விதிவிலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தால் 'தற்காலிகம்' என்ற குறிப்போடு சில பதிவுகள் இருக்கும். அவற்றின் தேதியைப் பாருங்கள்.