லினக்ஸில் டேப் டிரைவ்: பேக்கப்பையே அழித்துவிடும் தவறுகள்

பேக்கப்புக்கான காந்த நாடா வகையான எல்டிஓவின் டேப் டிரைவை லினக்ஸ் கணினியில் மாட்டியதும் பலர், கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் டார் (tar) கட்டளையை எஸ்டி0 (st0) என்ற சாதனப் பெயருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மிகப் பெரிய இழப்பு இங்கேதான் தொடங்குகிறது. டிரைவ் ஒன்றுதான் என்றாலும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதற்கு எஸ்டி0, என்எஸ்டி0 (nst0) என்று வெவ்வேறு பெயர்கள் வைத்திருக்கிறது. எஸ்டி0 வழியாக எழுதினால், வேலை முடிந்தவுடன் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். அடுத்த டார் பழைய பேக்கப்பின் மேலேயே எழுதும். திங்கட்கிழமை எடுத்தது செவ்வாய் இரவு அழிந்துபோகும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஸ்கிரிப்டில் எப்போதும், டேப்பைச் சுற்றாத என்எஸ்டி0தான் இருக்க வேண்டும்.

அதுமட்டும் போதாது. வெளியே எடுத்து மறுபடி போட்ட டேப் தொடக்கத்தில்தான் நிற்கும். சேர்த்து எழுதுவதற்கு முன் டேப்பை நகர்த்தும் எம்டி (mt) கட்டளையில் இஓடி (eod, தரவின் முடிவு) கொடுத்து முடிவுக்குப் போங்கள், பிறகு ஸ்டேட்டஸ் பாருங்கள். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால், மூன்று பேக்கப் இருந்தால் ஃபைல் எண் 3 என்று காட்ட வேண்டும். வேறு எண் வந்தால் எழுதாதீர்கள். நடுவில் எழுதினால் அந்த இடமே டேப்பின் புதிய முடிவாகிவிடும், அதற்கு அப்பால் இருப்பதை டிரைவ் படிக்காது.

இரண்டு டிரைவ் இருந்தால், ரீபூட்டுக்குப் பின் 0-வும் 1-உம் இடம் மாறலாம். டெவ் அடைவின் கீழ் டேப், பை-ஐடி (/dev/tape/by-id) என்ற இடத்தில் சீரியல் எண்ணோடு இருக்கும் பெயரைப் பயன்படுத்துங்கள். சாஸ் (SAS) இணைப்புள்ள டிரைவை, பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கார்டில் மாட்டுவதும் வேண்டாம். பல ரெய்டு கார்டுகள் டேப்பைக் கணினிக்குக் காட்டுவதே இல்லை. சாதனத்தை அப்படியே கணினியோடு இணைக்கும் சாதாரண எச்பிஏ (HBA) கார்டு போதும்.

அடுத்தது பிளாக் அளவு, அதாவது டேப்பில் ஒரே முறையில் எழுதும் தரவுத் துண்டின் அளவு. டார் தானாக எடுத்துக்கொள்வது 10,240 பைட், எல்டிஓ வேகத்துக்கு இது மிகச் சிறியது. எம்டியில் செட்பிளாக் 0 (setblk 0, மாறும் பிளாக் அளவு) கொடுத்து, ஒரு பிளாக்கில் 512 பைட் துண்டுகள் எத்தனை என்று சொல்லும் டாரின் எண்ணை 512 என்று வைத்தால் ஒரு பிளாக் 256 கிலோபைட் ஆகும். ஆனால் படிக்கும்போதும் அதே 512-ஐக் கொடுக்க வேண்டும். மறந்தால் நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று பிழை வரும். ராம் பழுது என்று நினைத்து அதை மாற்றப் போகாதீர்கள்.

எல்டிஓவின் ஆறாம் தலைமுறையான எல்டிஓ-6 டிரைவ் விநாடிக்கு 160 மெகாபைட் வரை விழுங்கும். சிறு கோப்புகள் நிறைந்த வட்டு அந்த வேகத்துக்குத் தராவிட்டால், டேப் நிற்பதும் பின்னால் போய் மறுபடி ஓடுவதுமாக இருக்கும், டேப்பும் அதைப் படித்து எழுதும் ஹெட்டும் தேயும். இடையில், தரவை நினைவகத்தில் சேர்த்து வைத்துத் தரும் எம்பஃபர் (mbuffer) நிரலை வையுங்கள்: 4 ஜிகாபைட் நினைவகம், 90 சதவீதம் நிரம்பிய பின் எழுதத் தொடங்கு, பிளாக் 256 கிலோபைட்.

உறையில் போட்டிருக்கும் 6.25 டெராபைட்டை நம்பி டேப் வாங்காதீர்கள். அது தரவு சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு, எல்டிஓ-6-இன் உண்மையான கொள்ளளவு 2.5 டெராபைட். வீடியோவும் ஜேபெக் படமும் சுருங்காது. ஜிஜிப் (gzip) நிரலால் சுருக்கி எழுதுவதும் ஆபத்து. ஓரிடத்தில் பழுதானால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் சிக்கலாகும், வெறும் டார் என்றால் அடுத்த கோப்புக்குத் தாவிவிடலாம்.

கிளீனிங் டேப்பை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள்.

எழுதி முடித்ததும் அந்தப் பேக்கப்பின் தொடக்கத்துக்கு டேப்பைத் திருப்பி, டாரின் ஒப்பிடும் வசதியால் வட்டோடு சரிபாருங்கள். உறை லேபிளில் தேதியோடு பிளாக் அளவையும் எழுதுங்கள். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது. புதிய டிரைவ் வந்ததும் பழையதை விற்கிறவர்கள், முதலில் பழைய டேப்புகளைப் புதியவற்றுக்கு மாற்றி எழுதிவிடுங்கள்.