டிரில் மெஷினுக்கு மொட்டை மாடியில் என்ன வேலை?

எங்கள் வீட்டில் டிரில் மெஷினுக்குச் சுவரில் வேலை குறைவு, மொட்டை மாடியில்தான் அதிகம். காலியான பெயிண்ட் வாளியெல்லாம் என் கையில் செடித்தொட்டி ஆகிவிடும். வாளியைக் கவிழ்த்து வைத்து, மெஷினில் ஹாமரை (இடித்து இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிட்டு, 10 மி.மீ. பிட்டால் (துளைக்கும் கம்பியால்) அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். வேகம் குறைவாக இருக்கட்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் இளகி பிட்டைச் சுற்றிக்கொள்ளும். அடிப்பாகம் தரையோடு ஒட்டி உட்காரும் வாளி என்றால் பக்கவாட்டிலும், அடியிலிருந்து 2 செ.மீ. மேலே, இரண்டு ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கத்தரிச்செடி அழுகிப்போகும். தரை ஈரமாக இருக்கும்போது மட்டும் எக்ஸ்டென்ஷன் வயரை மாடிக்கு இழுக்காதீர்கள்.

அடுத்தது ஜன்னல் கம்பித் துரு. உப்புத்தாளால் தேய்த்தால் தோள்பட்டை போய்விடும். கிண்ணம் மாதிரி இருக்கும் வயர் பிரஷ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதை டிரில்லில் மாட்டி லேசாக ஒட்டிப் பிடித்தால் போதும், அழுத்த வேண்டாம். கம்பித்துகள் தெறிக்கும், அதனால் கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள். தொளதொள கையுறையும் கூடாது, சுழலும் பிரஷ் இழுத்துவிடும். துரு போன அன்றே துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள்.

டிஸ்டெம்பர் கலக்கவும் இதே மெஷின்தான். கலக்கும் கம்பியை வாளிக்குள் இறக்கிய பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும், வெளியே எடுக்கும் முன் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் சுவருக்கு முன்னால் உங்களுக்குப் பெயிண்ட் அடித்துவிடும். சிமென்ட் கலவைக்கு வீட்டு டிரில் தாங்காது, மோட்டார் சூடேறிவிடும்.

சரி, சுவருக்கும் வருவோம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடவே கூடாது, உள்ளே வயர் போகும். பாத்ரூம் டைல்ஸில் என்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறி வையுங்கள், பிட் வழுக்காது. டைல்ஸைத் தாண்டும்வரை ஹாமர் வேண்டாம், செங்கல் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்குக்கு 6 மி.மீ. பிட் சரியாக இருக்கும். குறிக்குக் கீழே பழைய கவரைத் திறந்தபடி ஒட்டிவிட்டால் தூசி அதிலேயே விழுந்துவிடும். பெருக்குகிற வேலை மிச்சம்.

எந்த வேலையானாலும் பிட் மாற்றும்போது மெஷினின் கரன்ட் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம், பிட்டை இறுக்கும் சக் சாவியை எடுத்துவிட்டோமா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.