அம்பாசடரையும் மாருதி 800-ஐயும் ஒப்பிடுவது எப்படி?

பழைய கார் வாங்க எண்ணி இவ்விரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பவர், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டை மட்டும் வைத்து வயதைக் கணக்கிடக் கூடாது. இரண்டின் உற்பத்தியும் 2014-இல்தான் நின்றது. ஆனால் அம்பாசடர் 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவமைப்பிலும், 1983-இல் வெளிவந்த மாருதி 800 சுசுகியின் சிறிய கார் வடிவமைப்பிலும் உருவானவை. ஆகவே ஒன்றில் குறையாகத் தோன்றுவது மற்றொன்றில் இயல்பாக இருக்கலாம்.

எண்ணெய்க் கசிவு இதற்கு நல்ல சான்று. அம்பாசடரின் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினில், கிராங்க் தண்டின் (பிஸ்டன்களால் சுழலும் முதன்மைத் தண்டு) பின்முனையில் அடைப்பு வளையத்துக்குப் பதிலாக எண்ணெயை உள்ளே திருப்பிவிடும் சுருள் பள்ளமே இருந்தது என்பதால், நிறுத்திய இடத்தில் சில சொட்டுகள் விழுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மாருதியின் 796 சி.சி. என்ஜின் அப்படிச் சொட்டினால், விலை பேசுவதற்கு முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். அதன் டைமிங் பெல்ட் (வால்வுகளை உரிய நேரத்தில் இயங்கவைக்கும் பட்டை) கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்றும் கேட்க வேண்டும். அம்பாசடரில் டீசல், 1,817 சி.சி. இசுசூ என வேறு என்ஜின்களும் உண்டு. பிற்காலத்தில் என்ஜினை மாற்றியவர்களும் உள்ளதால், அதில் பொறித்த என்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுவது அவசியம்.

இரண்டுக்கும் தனிச் சட்டகம் கிடையாது, பாடியே எடையைத் தாங்குகிறது; எனவே துருவைத்தான் நான் முதன்மையாகக் கருதுவேன். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு போய்ப் பட்டி பூசப்பட்டிருக்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க மறுப்பவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம். அம்பாசடரில் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடங்களையும், மாருதியில் முன்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடங்களையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போதும் சோதனை வேறுபடும். அம்பாசடருக்குப் பின்சக்கர இயக்கம் என்பதால், முதல் கியரில் நகரும் கணத்தில் அடியிலிருந்து 'டங்' என்று ஒலித்தால் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இணைப்பு தேய்ந்திருக்கலாம். முன்சக்கர இயக்கமுள்ள மாருதியிலோ, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது வரும் 'டக் டக்' ஓசை ஆக்சில் முனையின் தேய்மானத்தைக் காட்டும்.