பின்னணிக் குரலா, கேமராவைப் பார்த்துப் பேசுவதா? குறும்படம் எடுப்பவர்களுக்கு

இரண்டிலும் பாத்திரம் நம்மிடம்தான் பேசுகிறது, காலம்தான் வேறு. பின்னணிக் குரலில் பேசுபவருக்குப் பெரும்பாலும் கதையின் முடிவு தெரியும். கேமராவைப் பார்ப்பவருக்கு அடுத்த நொடிகூடத் தெரியாது. நான் இதை வைத்தே முடிவெடுக்கிறேன்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், விவசாயி ஒருவர் மதகருகே நிற்கிறார். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்த தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை.

முதலில், காட்சியை இரண்டு விதமாகவும் எழுதுங்கள். "அந்த வருடம் நாற்றெல்லாம் கருகிப்போனது" என்பது பின்னணிக் குரல். "விடிவதற்குள் வந்துவிடும், பாருங்கள்" என்று நம்மைப் பார்த்துச் சொன்னால் நாம் சாட்சியாகிவிடுகிறோம். விடிந்த பிறகு அவர் கேமராவைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்தாலே போதும். என் தேர்வு இதுதான்.

பின்னணிக் குரல்தான் வேண்டுமென்றால், படம் காட்டுவதைக் குரல் சொல்லக்கூடாது. வெடித்த வாய்க்கால் திரையில் இருந்தால், குரல் விதைநெல் கடனைப் பேசட்டும். நெல் மூட்டை அடுக்கிய அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு சாண் தூரத்தில் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பதியுங்கள். பதிந்த ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும்.

அடுத்தது பார்வை. எங்களை அதிகம் படுத்தியது இதுதான். செல்ஃபி கேமராவில் எடுத்தால் நடிகரின் கண் திரையில் தெரியும் தன் முகத்துக்கே போகும். பார்வை லென்ஸுக்கு ஒரு விரற்கடை விலகினாலும் வேறு யாரிடமோ பேசுவதுபோல் ஆகிவிடும். பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். அங்கே இரண்டு மூன்று லென்ஸ் இருக்கும். ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடினால் திரை இருள்கிறதோ, அதன் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். நடிகர் அந்த லென்ஸைப் பார்த்துப் பேசட்டும். கேமரா நடிகரின் கண் உயரத்தில் இருக்கட்டும். உடன் நடிப்பவர்கள் அந்தப் பேச்சுக்குத் திரும்பவே கூடாது.

மேடைக்கு முன்னால், பார்வையாளர்களை மறைத்து, பெரிய சுவர் இருப்பதாக எண்ணி நடிக்கச் சொல்லி பிரெஞ்சு எழுத்தாளர் தெனி தீதெரோ 1758-இல் எழுதினார். நம் தெருக்கூத்தில் அந்தச் சுவரே கிடையாது. கட்டியங்காரன் ராஜாவிடம் பேசிக்கொண்டே நம்மிடமும் பேசுவான். ஆகவே கேமராவைப் பார்த்துப் பேசினால் நம் ஊர்ப் பார்வையாளர்களுக்குப் புரியுமா என்று தயங்கவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: பொட்டு ஒட்டியும் கண் விலகுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மிக அருகில் போனாலோ வெளிச்சம் குறைந்தாலோ சில போன்கள் தாமாகவே லென்ஸை மாற்றிக்கொள்ளும். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். அதில் லென்ஸை நாமே தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பிறகு, விரலால் மூடி இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுப் பொட்டை ஒட்டுங்கள்.