பாட்டு ராத்திரிக்கு நாமே மென்பொருள் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கூடிப் பாடுகிறோம். கேட்க மட்டும் வருகிறவர் என்று யாரும் கிடையாது. ஹார்மோனியம், கிட்டார், டோலக் என்று கையில் இருப்பதைக் கொண்டு வருவார்கள், மற்றவர்கள் பாடுவார்கள். திரையில் வரிகள் ஓடும், வாசிப்பவர்களின் போனில் கார்டு (chord, சேர்த்து வாசிக்க வேண்டிய சுரங்கள்) தெரியும். இதற்கான மென்பொருளை நானேதான் எழுதினேன். மூன்று முறை பிரித்து மறுபடி கட்டியிருக்கிறேன். அதே வேலையில் இறங்குகிறவர்கள் அந்த மூன்று முறையும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, பாட்டைக் கடிகாரத்தோடு கட்டிப்போடுவது. இசைத்தட்டைக் கேட்டு, எந்த வரி எத்தனையாவது நொடியில் வருகிறது என்று குறித்து வைத்திருந்தேன். வீட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது அச்சுப் பிசகவில்லை. கூட்டத்தில் முதல் சரணம் முடிந்ததும் ஹார்மோனியப் பெரியவர் பிள்ளைகளின் உற்சாகத்தைப் பார்த்துப் பல்லவியை இன்னொரு தடவை எடுத்தார். திரை இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டது. பாதிப் பேர் திரையோடு, பாதிப் பேர் அவரோடு. அவர் ஹார்மோனியத்தின் துருத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, பாட்டை நான் கொண்டுபோகட்டுமா, உன் பெட்டி கொண்டுபோகட்டுமா?"

அன்றைக்கே நேரக் குறிப்புகளை எல்லாம் அழித்தேன். இப்போது ஒவ்வொரு பாட்டும் பல்லவி, சரணம், இடையிசை என்று துண்டு துண்டாக இருக்கிறது. ஒருவர் கணினியின் கீபோர்டோடு உட்கார்ந்திருப்பார். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த வரி, 1 தட்டினால் எங்கே இருந்தாலும் பல்லவி, 2, 3 சரணங்கள், 0 என்றால் வெறும் திரை. பாட்டு தெரிந்த ஒரு ஆள் போதும், கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: வரி பாடி முடிந்த பிறகு தட்டக் கூடாது, கடைசிச் சொல் தொடங்கும்போதே தட்ட வேண்டும். கண் வாய்க்கு முன்னால் போக வேண்டும் அல்லவா? அதனால் திரையில் எப்போதும் இரண்டு வரியாவது இருக்கட்டும்.

அடுத்தது எழுத்து. "கொஞ்சம்" என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் அது ஏழு குறியீடு: க, கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி, ஞ, புள்ளி, ச, ம, புள்ளி. சிலர் தட்டச்சுவதில் ஒகரக் குறியே இரண்டாகப் பிரிந்து எட்டாகிவிடும். பாடப் பாட எழுத்துகளின் நிறத்தைக் குறியீட்டுக் கணக்கில் மாற்றிக்கொண்டு போனால் புள்ளி இல்லாத ஞ ஒரு கணம் தனியாக நிற்கும். கார்டைச் சதுர அடைப்புக்குள் வரியின் நடுவே எழுதும் கார்ட்ப்ரோ முறையிலும் இதே ஆபத்து உண்டு. அடைப்பு, க-வுக்கும் ஒகரக் குறிக்கும் நடுவில் விழுந்தால் க தனியாகவும், குறி ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டும் தெரியும். எழுத்துக் கொத்தாகப் பிரிக்கும் வசதி இன்றைய பிரௌசர்களிலேயே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும் முன் எல்லா வரிகளையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடும்போது கண்ணெதிரே இருக்கும் பாட்டு அகப்படாது. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராமல் தனி வடிவில் எழுதும் மெய்கள்) 2008-இல், யூனிகோட் 5.1-இல்தான் தனிக் குறியீடு வந்தது. அதற்கு முன் தட்டச்சிய வரிகளை இந்த வடிவ மாற்றம் சரிசெய்யாது, அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும்.

எல்லைப் பக்கம் என்பதால் எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தமிழ் மட்டும் படிக்கிறவரும் மலையாளம் மட்டும் படிக்கிறவரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். தமிழ் வரிகளை எழுத்துக்கு எழுத்து மலையாளமாக்கும் நிரலை நம்பினேன். "பாவம்" என்று தமிழில் எழுதினால் அது செய்த பாவமாகவும் இருக்கலாம், முகத்தில் காட்டும் பாவமாகவும் இருக்கலாம், நமக்கு இடம் பார்த்துப் புரியும். மலையாளத்தில் இரண்டுக்கும் ப வேறு. நிரலுக்கு அது தெரியாது, திரையைப் பார்த்துப் பாடும் சேச்சிக்கும் தெரியாது. இப்போது தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போவதை ஆள் ஒருவர் வரி வரியாகப் பார்த்த பிறகே திரைக்கு விடுகிறோம்.

சுருதி மாற்றும் இடத்தில் என் முதல் பிழை கணக்கில். இங்கே யாரும் சி, ஜி என்று கேட்பதில்லை, "எத்தனை கட்டை?" என்றுதான் கேட்பார்கள்; ஹார்மோனியக் கட்டைகளை எண்ணிச் சுருதியைச் சொல்லும் முறை அது. ஒரு படிக்கு அரைக் கட்டை கூட்டினால் போதும் என்று நினைத்தேன், திரையில் மூன்றரைக் கட்டை வந்து நின்றது. அப்படி ஒரு கட்டையே கிடையாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லை. 1, 1½, 2, 2½, 3, 4, 4½, 5, 5½, 6, 6½, 7 என்று பன்னிரண்டையும் பட்டியலாக வைத்து நகர்த்துங்கள். அப்புறம், கீபோர்டு வாசிப்பவர் தன் கருவியில் ட்ரான்ஸ்போஸ் (சுருதியை மாற்றும் வசதி) போட்டிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். நீங்களும் மாற்றி அவரும் மாற்றினால் இரட்டிப்பாகிவிடும்.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஒலி 100, 200 மில்லி நொடி பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஒரு அடியே 500 மில்லி நொடிதான், டோலக்காரர் தடுமாறிப்போவார். வயர் போட்டுவிடுங்கள்.

போன்களை இணைக்கப் பலரும் ஒருவர் போனின் ஹாட்ஸ்பாட்டை நம்புகிறார்கள். பல போன்களில் 10 பேருக்கு மேல் ஏற முடியாது. தனி ரௌட்டர் வாங்கி, லேப்டாப்பிலேயே சர்வரை ஓட்டுங்கள். இணையம் இல்லாத வைஃபை என்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும், டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள். நான் வெகுநேரம் திண்டாடியது வேறொன்றில். பாடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு போனாக இருண்டுபோகும். திரையை விழித்திருக்கச் செய்யும் வசதி பிரௌசரில் இருக்கிறது, ஆனால் பக்கம் எச்டிடிபிஎஸ் (https, பாதுகாப்பான இணைப்பு) முகவரியில் வந்தால்தான் அது வேலை செய்யும். வீட்டில் லோக்கல்ஹோஸ்டில், அதாவது சர்வர் ஓடும் அதே லேப்டாப்பில் சோதித்தபோது, அந்த முகவரிக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு என்பதால் எனக்குத் தெரியாமல் போனது. வேறு வேறு போன்களில், அந்த ரௌட்டர் வழியாகவே சோதித்துப் பாருங்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரௌட்டர் செத்துவிடும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும். இருந்தாலும் அன்றன்றைய பாட்டுகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இரண்டு செட் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன், டார்ச்சோடு.